அண்ணனுக்கு வைத்திருந்த கைதட்டல்

"எருமை... எழுந்திருடா."

இதோடு அவள் நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நடைபாதை விளிம்பில் குனிந்து உட்கார்ந்திருந்தவனின் முதுகில் ஓங்கி ஓர் அறையும் வைத்தாள். சட்டையில் இருந்த மழைத்துளிகள் சிதறின.

"நாலரை மணிக்கு வீட்டையே எழுப்பிக் கூட்டிட்டு வந்து ரோட்டுல நிக்கிறோம். நீ என்னடான்னா பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி காலை நீட்டிக்கிட்டு..."

அவன் திரும்பினான்.

ஆரஞ்சு நிறத் தொப்பி... சரி. மாரத்தான் ஓடுகிற எல்லாருக்கும் கொடுத்த நீலச் சட்டை... அதுவும் சரி. ஆனால் தொப்பிக்குக் கீழே இருந்த முகம் அண்ணனுடையது இல்லை. நனைந்த இமைகளுக்கு நடுவே, களைத்துப்போன இரண்டு பழுப்புக் கண்கள். அடி வாங்கியவனின் கோபம் அவற்றில் இல்லை. யாரோ தட்டி எழுப்பிய தூக்கக் கலக்கம்தான் இருந்தது.

அடித்த கையை அவள் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

தப்பு எங்கே நடந்தது என்றால்... அவள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். நாளைக்கு இருபது பேரை நாற்காலியில் உட்காரவைத்து, 'கடைசி வரியைப் படிங்க' என்று அதட்டுகிறவள். அதனாலேயே தூரத்தில் வருவது யார் என்று சொல்லும் அதிகாரம் வீட்டில் அவளுக்குத்தான். முப்பதாவது கிலோமீட்டர் வளைவில் அண்ணன் திரும்பும்போதே கண்டுபிடித்துச் சொல்லும் வேலையை அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். பாழாய்ப்போன சாரல்... துடைக்கத் துடைக்கக் கண்ணாடியில் படிந்தது. அலுத்துப்போய்க் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். கழற்றினால் பத்தடிக்கு அப்பால் அவளுக்கு எல்லாமே வெறும் நிறம்தான். அந்த நிறங்களில் ஒன்று ஆரஞ்சாக இருந்தது. அது நடைபாதையில் உட்கார்ந்தும் விட்டது.

"அதோ... நம்ம ஆளுதான்" என்று அறிவித்துவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

அவள் சொன்னால் வீட்டில் மறுபேச்சு இல்லை. பின்னால் சத்தம் தொடங்கிவிட்டது. அம்மா இரண்டு பாத்திர மூடிகளை மோதவிட்டாள். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பா, தன் பழைய ரப்பர் ஹாரனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். அண்ணி தொண்டை கிழிய, "விடாதீங்க... விட்றாதீங்க..." என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"நான் உங்க ஆள் இல்லைங்க" என்றான் அவன், மெதுவாக.

"தெரியுது" என்றாள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு. "சாரி. ரொம்ப... ரொம்ப சாரி. இருங்க, அவங்களை நிறுத்தச் சொல்றேன்."

"வேணாம்." அவன் அவள் தோளுக்கு அப்பால் பார்த்தான். "இன்னும் கொஞ்ச நேரம் கத்தட்டும். கேக்க நல்லா இருக்கு."

அப்போதுதான் அவன் விரல்களைக் கவனித்தாள். மார்பில் எண் அட்டையைப் பிடித்திருந்த நான்கு ஊக்குகளில் இரண்டைக் கழற்றிவிட்டிருந்தான். மூன்றாவதில் விரல் நின்றிருந்தது.

போகப்போகிறான். ஓட்டத்தை விட்டுவிட்டுக் கிளம்பப்போகிறான்.

"உங்களுக்குக் கத்துறவங்க எங்க நிக்கிறாங்க?" என்று கேட்டாள்.

"யாருக்கும் சொல்லல."

அவளுக்கு என்ன தோன்றியதோ... திரும்பி வீட்டாரைப் பார்த்து, 'இன்னும்' என்று கையால் சைகை காட்டினாள். அவர்கள் இரட்டிப்பாகக் கத்தினார்கள். அவன் உள்ளங்கையில் இருந்த இரண்டு ஊக்குகளையும் வாங்கி, எண் அட்டையை மறுபடி குத்திவிட்டாள். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. கண்ணில் விழுந்த மழையைத் துடைக்க அவனுக்கு ஏதாவது கொடுக்கலாம் என்று பையைத் துழாவினால், கிடைத்தது லென்ஸ் துடைக்கும் உள்ளங்கை அகலத் துணி.

"இதையா?" என்றான்.

"இருக்கிறதுதான் கொடுக்க முடியும். எழுந்திருங்க சார்."

எழுந்தான். அதற்குள் ஓடி வந்த அம்மா நீட்டிய ஆரஞ்சுச் சுளையை வாயில் வாங்கிக்கொண்டான். பக்கத்தில் பார்த்த பிறகுதான் அம்மாவுக்கு மூடி கையிலேயே நின்றது. "யாருடி இது?"

அவன் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தான். அவள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்... அந்த அறை வலித்திருக்குமோ?

இந்த அமளியில், அசல் அண்ணன் சாலையின் எதிர்ப்பக்கமாக இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டே கடந்து போனதை ஒருவரும் பார்க்கவில்லை.

*

மூன்று வாரம் கழித்து, மதிய நேரத்தில் கடைக்கதவு திறந்தது. சாம்பல் நிறச் சீருடை, தோளில் கருவிப் பை, கையில் சின்னக் காகிதப் பொட்டலம்.

"கண்ணு டெஸ்ட் பண்ணணும்."

குரல் கேட்டுத் தலை நிமிர்ந்தவளுக்கு, எழுதிக்கொண்டிருந்த பேனா நழுவியது. அவனேதான். எப்படிக் கண்டுபிடித்தான் என்று கேட்க வாயெடுத்தாள். அவன் பொட்டலத்தை நீட்டினான். லென்ஸ் துணி... துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்து. மூலையில் கடையின் பெயரும் விலாசமும்.

"இதை எல்லாருக்கும் இலவசமாத்தான் கொடுக்கிறோம். யாரும் திருப்பித் தர்றதில்லை."

"அதனாலதான் கண்ணு டெஸ்ட்டும் சேர்த்துக்கிட்டேன். சும்மா வந்தா நல்லா இருக்காதே."

லிஃப்ட் மெக்கானிக் என்றான். நாளெல்லாம் கட்டிடங்களின் உச்சியில் கம்பிவடங்களோடு வேலை, விடியற்காலையில் ஓட்டம்.

பரிசோதனை அறையில் விளக்கை அணைத்தாள். "நாடியை இதுல வைங்க. நெத்தியைப் பட்டையில ஒட்டுங்க. அசையக்கூடாது."

கருவிக்குப் பின்னால் அவள் கண், முன்னால் அவன் கண். மெல்லிய ஒளிக்கீற்று குறுக்கே விழுந்தது. ஆயிரம் கண்களை இப்படிப் பார்த்திருக்கிறாள். நரம்பு, லென்ஸ், பாவை... அவ்வளவுதான். இன்றைக்கு ஏனோ நிறம் கண்ணில் பட்டது. பழுப்புக்குள் பொன் துகள்கள்... மழை நின்ற பிறகு தெருவில் தேங்கிய தண்ணீரில் வெயில் விழுந்தது போல.

'வேலையைப் பாருடி' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"அன்னைக்கு முடிச்சீங்களா?"

"ம்... முடிச்சேன்."

ஒளிக்கீற்றுக்குள் அந்தக் கண் சட்டென்று ஓரத்துக்குப் போய்த் திரும்பியது.

"அசையாதீங்கன்னு சொன்னேன்ல" என்றாள். அப்போது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் முடித்துவிட்டான் என்ற சந்தோஷத்தில் வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை. விளக்கைப் போட்டாள்.

"பார்வை கழுகு மாதிரி இருக்கு. ஒரு குறையும் இல்ல."

"அப்ப மறுபடி எந்தச் சாக்குல வர்றது?"

அவள் சிரிப்பை அடக்கக் குனிந்து மேசை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே எடுக்க ஒன்றுமே இல்லை.

*

சாக்கை அம்மா கொடுத்தாள். "நாங்க கத்தினதுல ஒரு பிள்ளை ஓடி முடிச்சிருக்கானே... ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு."

அண்ணன் கணக்கு வாத்தியார். இரண்டு மாதமாகியும் அவன் மனத்தாங்கல் தீரவில்லை. சாப்பாட்டு மேசையில் விருந்தாளிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, வழக்கைத் தொடங்கினான்.

"என்னைப் பெத்த அம்மா, எவருக்கோ மூடி தட்டுறாங்க. நான் கட்டின பொண்டாட்டி, எவரையோ பார்த்து விடாதீங்கங்கிறா. நான் எதிர்ப்பக்கம் பைத்தியக்காரன் மாதிரி கையை ஆட்டிக்கிட்டே போறேன். எல்லாம் இந்தப் பூதக்கண்ணாடியால." அவளுக்கு அவன் வைத்த பெயர் அது.

"உனக்கு எதுக்குடா கைதட்டல்? நீதான் தானாவே ஓடிட்டியே" என்றாள் அம்மா.

சிரிப்பு. விருந்தாளியும் சிரித்தான். கூச்சம் கலைந்து, அப்பாவின் தட்டுப் பக்கம் தண்ணீரை நகர்த்தி வைக்கும் அளவுக்கு வீட்டு மனுஷனாகிவிட்டான். அவள் எதிரில் பரிமாறுவது போல் பாவனை செய்துகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, உங்க நேரம் என்ன?" என்று கேட்டான் அண்ணன்.

"நாலே முக்கால்... கிட்ட இருக்கும்."

"கிட்டன்னா? விநாடி வரைக்கும் போட்டிருப்பாங்களே. நம்பர் சொல்லுங்க, பார்த்துடலாம்."

"ஞாபகம் இல்லைங்க..."

"எனக்கு இருக்கு" என்றாள் அவள் பெருமையாக. "நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு."

அண்ணன் கைப்பேசியில் தேடினான். அவன் கட்டைவிரல் நின்றது. ஒரு தடவை விருந்தாளியைப் பார்த்தான். பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். "நெட் வரல. அப்புறம் பார்ப்போம். அம்மா, தண்ணி..."

அண்ணன் நல்லவன்தான். ஆனால் அப்பா அதற்குள் கைப்பேசியை எடுத்து, கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் படித்துவிட்டார். "முப்பத்தஞ்சு வரைக்கும் வந்திருக்கு... அதுக்கப்புறம் வண்டி போகலையே?"

அண்ணன் அப்பாவின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டான்.

அவன் எழுந்தான். கை கழுவினான். "மன்னிச்சிடுங்க" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மாடிப்படித் திருப்பத்தில் அவனைப் பிடித்தாள். மூச்சு வாங்கியது. கோபமா, ஓடி வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"உங்க வீடே எனக்காக அப்படிக் கத்திச்சு. அதை வீணாக்கிட்டேன்னு சொல்ல வாய் வரல." கைப்பிடிக் கம்பியையே பார்த்துக்கொண்டு பேசினான். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி முதல் தடவை ஓடினப்ப எல்லாருக்கும் சொன்னேன். எனக்கு இருக்கிறது அப்பா மட்டும்தான். தையல்காரர். தைக்கக் கொடுத்தவங்க அத்தனை பேர்கிட்டயும் என் மகன் ஓடுறான்னு சொல்லிட்டு, முடிவுக்கோட்டுல போய் நின்னுட்டார். முப்பத்திமூணுல கால் இழுத்துக்கிச்சு. வேன்ல கொண்டுவந்து இறக்கிவிட்டாங்க. தூரத்துல இருந்து பார்க்கிறேன்... தடுப்பைப் பிரிக்கிறாங்க, நாற்காலியை அடுக்குறாங்க, அவர் மட்டும் நிக்கிறார். கிட்டப் போக எனக்கு முகம் இல்ல. வீட்டுக்குப் போயிட்டேன். அப்புறமா அவர் வந்து, சாப்பிட்டியான்னு மட்டும் கேட்டார். அதுக்கப்புறம்தான்... யாருக்கும் சொல்லாம ஓடினா யாரையும் ஏமாத்த வேண்டாம்னு."

"என்னை ஏமாத்தினீங்களே."

"ஆமா."

"எங்க நின்னீங்க?"

"முப்பத்தாறு."

"அன்னைக்கே அதைச் சொல்லியிருந்தா, நாங்க கத்தி ஆறு கிலோமீட்டர் ஓடியிருக்கீங்கன்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்." ஒரு படி மேலே ஏறிக்கொண்டாள். "இப்ப எதைச் சொல்றது? போங்க."

அவன் போனான்.

*

ஐந்து வாரம். கடைக்கதவு திறக்கும்போதெல்லாம் அவள் தலை தானாக நிமிர்ந்தது. வந்தவர்கள் எல்லாருக்கும் ஏதோ ஒரு பார்வைக் குறை இருந்தது. 'ரோஷக்காரன்... வரமாட்டான்' என்று முடிவு கட்டிய அன்றுதான் வந்தான். நேராகப் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தான்.

"கண்ணுல ஒண்ணும் இல்லைன்னு அப்பவே சொல்லிட்டேன்."

"வர்ற ஞாயிறு இல்ல, அடுத்த ஞாயிறு ஓடுறேன். அதே ரோடு." தோளில் இருந்த கருவிப் பையை இறக்கி வைத்தான். "நீங்க வந்து நிக்கணும்."

உள்ளுக்குள் என்னவோ சிறகடித்தது. அதை அமுக்கிக்கொண்டு கேட்டாள்: "அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

அவன் எதிர்ச்சுவரின் எழுத்து அட்டையைப் பார்த்தான்.

"அவர் வந்தா நான் வர்றேன்."

"அவரை மறுபடி அங்க கொண்டுபோய் நிக்கவைக்க என்னால முடியாது. நீங்க வந்தா போதும்."

"என்கிட்ட மட்டும் சொல்லிட்டு ஓடுறது, நீங்க நின்னா நான் ஒருத்தி மட்டும்தான் பார்ப்பேன்னுதானே? எனக்கு அது வேணாம் சார்." குரலை எவ்வளவோ இறுக்கிப் பிடித்தாள். "அவர் வரலைன்னா நானும் வரல."

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான். கதவு சாத்திய பிறகுதான், இப்படிப் பேச எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமோ? இனி வரவே மாட்டானோ?

*

அவள் போகவில்லை என்றுதான் சொன்னாள். அம்மா மூடிகளைப் பையில் போட்டுவிட்டாள். "அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கா? நீ வராட்டி வீட்டுல இரு." ஆகவே, அம்மாவுக்குத் துணையாக மட்டும் போனாள். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

போன ஓட்டத்தில் அவன் நின்றுபோன முப்பத்தாறாவது கிலோமீட்டர். கயிறு கட்டிய நடைபாதை. இந்த முறை அண்ணன் ஓடவில்லை. பூதக்கண்ணாடியை நம்ப முடியாது என்று பக்கத்து வீட்டில் பைனாகுலர் இரவல் வாங்கி வந்திருந்தான்.

"கண்ணாடிக் கடைப் பொண்ணு யாரும்மா?"

திரும்பினாள். ஒல்லியான மனிதர். மடிப்புக் கலையாத சட்டை, கையில் குடை. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது... அதே பழுப்பு.

"விடிகாலையில ஷூ கட்டிக்கிட்டே, 'அப்பா... முப்பத்தாறுல வந்து நிக்கிறீங்களா?'ன்னு கேட்டான். ரெண்டு வருஷம் கழிச்சு இப்பதான் கூப்பிட்டிருக்கான். காப்பிகூடக் குடிக்கலை, வந்துட்டேன்."

வந்துவிட்டார். அவள் கண்கள் நிறைந்தன. "அன்னைக்கு முடிவுக்கோட்டுல ரொம்ப நேரம் நின்னீங்களாமே" என்றாள்.

"ஆமா. எங்க விழுந்து கிடக்கிறானோன்னு நின்னேன். மூணு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ஒண்ணும் தெரியல. வீட்டுக்கு வந்து பார்த்தா வாசல்ல அவன் ஷூ. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு."

"அவர் முடிக்கலைன்னு வருத்தம் இல்லையா?"

"முடிக்கிறது முடிக்காதது எனக்கென்னம்மா தெரியும்? அவன் ஷூ வாசல்ல இருக்கணும்."

"இதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சாப்பிட்டியான்னு கேட்டேனே" என்றார், அதற்கு மேல் என்ன சொல்ல இருக்கிறது என்பதைப்போல.

"வர்றார்... நடந்துதான் வர்றார்" என்றான் அண்ணன், பைனாகுலரை இறக்காமல்.

மூடி, ஹாரன், அண்ணியின் தொண்டை... எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. தையல்காரர் மட்டும் சத்தம் போடவில்லை. குடையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, துணியை அளப்பது போல நிதானமாக, ஒவ்வொரு தட்டாகக் கை தட்டினார்.

அவன் வலது காலை இழுத்துக்கொண்டு வந்தான். அப்பாவைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கயிற்றுக்கு இந்தப் பக்கம், அவனோடு சேர்ந்து நடந்தாள்.

"முடியலை" என்றான். "இங்கதான் போன தடவையும்... அவர் மறுபடி..."

"அவர் அன்னைக்கு உங்களைத் தேடிக்கிட்டு நின்னார். மூணு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணியிருக்கார். வாசல்ல உங்க ஷூவைப் பார்த்துதான் மூச்சு வந்துச்சாம். முடிச்சியா இல்லையான்னு அவருக்குக் கவலையே இல்ல."

சாரல் இல்லாத அந்தக் காலையில் அவன் கன்னம் மட்டும் நனைந்தது. திரும்பிப் பார்த்தான். தூரத்தில் அந்தக் கைகள் இன்னும் நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தன.

"முடிக்கலைன்னா?" என்று கேட்டான், சின்னப் பிள்ளை மாதிரி.

"முடிக்கலைன்னா வண்டியில ஏத்தி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம். எந்த வீட்டுக்குன்னுதான் இன்னும் முடிவாகலை."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே புரிந்தது. காது வரைக்கும் சூடேறியது.

அவன் நின்றான். "என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஓடுங்க."

"இல்ல... வீடுன்னு ஏதோ..."

"ஆறு கிலோமீட்டர் தள்ளி வந்து கேளுங்க."

ஓடினான். நொண்டிக்கொண்டுதான்... ஆனால் ஓடினான்.

முடிவுக்கோட்டுக்குக் குறுக்குத் தெருக்கள் வழியாக அவள் அப்பா எல்லாரையும் அழைத்துப்போனார். ஐந்து மணி நேரம் இரண்டு நிமிஷம் என்று ஓட்டக் கடிகாரம் காட்டியபோது அவன் கோட்டைத் தாண்டினான். நேராகத் தன் அப்பாவிடம் போனான். தையல்காரர் தன் இஸ்திரிச் சட்டையின் கையால் மகனின் முகத்தைத் துடைத்துவிட்டு, தோளைப் பிடித்து அவள் பக்கம் லேசாகத் திருப்பிவிட்டார்.

மைதானத்திலிருந்து சாலைக்கு இறங்க ஆறு படிகள். அவற்றைப் பார்த்ததும் அவனுக்கு முகம் வெளிறியது.

"இந்த ஆறு படிக்கு ஒரு லிஃப்ட் வச்சா குறைஞ்சா போயிடுவாங்க?"

"பின்பக்கமாத் திரும்பி இறங்குங்க, கால் அவ்வளவா வலிக்காது. நான் பிடிச்சுக்கிறேன்."

அவள் கீழே, அவன் மேலே. முதுகைக் காட்டித் திரும்பியவன், இரண்டு கைகளையும் பின்னால் நீட்டினான். பிடித்துக்கொண்டாள். இரண்டாவது படியில் நின்றுவிட்டான்.

"உங்க முகத்தைப் பார்க்காம கேக்கிறதுதான் எனக்குச் சௌகரியம். வீடுன்னீங்களே..."

"கேளுங்க."

"எங்க வீடு சின்னது. அப்பா, தையல் மிஷின், நான். வர்றீங்களா?"

அவள் அவன் விரல்களை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"இன்னைக்கு முடிச்சதுக்காகச் சொல்லலை" என்றாள். "முப்பத்தாறுல நின்னுட்டு, துணியைத் துவைச்சு எடுத்துட்டு வந்தாரே... அவரையே எனக்குப் பிடிச்சிருந்துச்சு. பொய் சொன்னதுதான் பிடிக்கல."

"இனிமே நின்னா, நின்னுட்டேன்னு சொல்றேன்."

"அது போதும். வர்றேன்."

"ஏய் பூதக்கண்ணாடி" என்று மேலேயிருந்து அண்ணன் குரல் வந்தது. "பின்னாடி நாங்களும் இறங்கணும். மீதியை ரோட்டுல போய்ப் பேசுங்க."

இன்னும் நாலு படி இருந்தது. இருவரும் அவசரப்படவில்லை.